ஆட்டுக்கல்லுக்கு மேல ஒட்டுன பாடம்

மதினி,

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆட்டுக்கல்லுப் பக்கம் போயிராதீங்க. மாவை நானே ஆட்டிட்டேன். சோறும் வெஞ்சனமும் மூடி வச்சிருக்கேன். நாகல் நகருக்குத் தையல் படிக்கப் போறேன்.

மாவாட்டிக்கிட்டே படிக்கன்னு செவுத்துல ஒட்டியிருந்தீங்களே இலக்கணத் தாளு, அதைப் பிரிச்சு மேசையில வச்சிருக்கேன். இனிமே உக்காந்து படிங்க. நேத்து அண்ணன், "வாத்தியாரம்மாவுக்கே எதுக்கு இன்னொரு பரிச்சை?"ன்னுச்சு. நீங்களும் சட்டுனு தமிழ் வித்துவான் பரிச்சை எழுதலன்னுட்டீங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. பகலெல்லாம் பிள்ளைககிட்டக் கத்திட்டு வந்து இம்புட்டையும் படிக்க வேற யாரால ஏலும்? நானும் படிச்சுக்கிட்டே ஆட்டிப் பாத்தேன். ஒரு சூத்திரம் வாயில ஏறுறதுக்குள்ள வெரலு கல்லுக்குள்ள போயிருச்சு!

எழுதுங்க மதினி. பரிச்சை முடியுற வரைக்கும் நானே ஆட்டுறேன்.

பேச்சாயி

மறந்துட்டேன்: நாளைக்கு இட்லி கல்லு மாதிரி வந்தா மொத ஈடு அண்ணனுக்கு வைங்க.