எல் போர்டைக் கழற்றிய பிறகு

அப்பா,

இன்று காலை சேலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டேன். வாடகை ஜீப் ஒன்றில் முன் சீட்டு கிடைத்தது. ஏற்காட்டு மலையில் பாதி ஏறுவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட, டீசலும் ஈர ரெக்சினும் கலந்த வாடை வண்டிக்குள் நிறைந்தது. சாயங்காலங்களில் உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைகிற அதே வாடை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "ஏனுங்க, மலை ஒத்துக்கலீங்களா? ஓரங்கட்டட்டுங்களா?" என்றார். கொட்டச்சேட்டு ஜீப் டிரைவரின் மகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! அழுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆமாம், கொஞ்சம் தலைசுற்றல் என்றேன்.

மடியில் இருந்த பையில் என் சான்றிதழ் இருந்தது. அணு மருத்துவத்தில் பயிற்சியும் தேர்வும் முடித்துவிட்டேன் என்று சொல்லும் காகிதம். போன வாரம்தான் கைக்கு வந்தது. நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

மறுபடியும் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. வாசலில் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தீர்கள். கால் மட்டும்தான் தெரிந்தது.

"ஸ்கேன் படம் பாக்கற டாக்டருக்கு மறுக்கா என்ன படிப்பு கண்ணு? இத்தன வருசமா பாத்தது பத்தலையா?"

உங்கள் காலுக்கு விளக்கம் சொன்னேன். எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடம்புக்குள் போகிறது. இதில் கதிர்வீசும் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, உடம்பிலிருந்து வெளியே வருவதைக் கேமராவில் பிடிக்கிறோம். அந்த மருந்தை அளக்க, கையாள, சிந்தினால் துடைக்க எல்லாவற்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. நம்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பேராசிரியை பக்கத்தில் இருக்க நூற்றுக்கணக்கில் ஸ்கேன் படிக்க வேண்டும். அப்புறம் எழுத்துத் தேர்வு, செய்முறை, நேர்முகம். அதுவரை நான் எழுதும் ரிப்போர்ட் வெறும் வரைவு. கையெழுத்து அவருடையது. நோயாளியிடம் முடிவைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தீர்கள். "அட, ஹெவி லைசென்ஸ்னு சொல்லு சாமி! ஜீப் நல்லா ஓட்டறேன்னு லாரியத் தூக்கிக் குடுத்துருவாங்களா?" அன்றிலிருந்து ஏற்காடு பஜாரில் நான் 'எல் போர்டு டாக்டர்' ஆனேன். டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். நரைத்த தலையோடு மாணவியாகப் போனவளுக்கு அது போதாதா!

உங்கள் இடுப்பு வலியை ஜீப் சீட்டின் மேல் பழிபோட்டே ஒரு வருடம் ஓட்டிவிட்டீர்கள். புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், எலும்பு ஸ்கேனுக்கு நான் பயிற்சியில் இருந்த ஆஸ்பத்திரிக்கே அழைத்துவந்தேன். கதிர்வீசும் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். "ஏங் கண்ணு, ராத்திரிக்கு ஹெட்லைட் இல்லாமயே மலையேறிடலாமா?" என்று கேட்டு நர்சைச் சிரிக்க வைத்தீர்கள்.

சொந்தக்காரர்களின் ஸ்கேனை எங்களுக்குப் படிக்கத் தருவதில்லை. பேராசிரியை தானே எடுத்துக்கொண்டார். ஆனால் திரை இருந்தது நாங்கள் எல்லோரும் உட்காரும் அறையில். எழுந்து போயிருக்கலாம். போக முடியவில்லை. எலும்புக்கூடு மெல்ல மெல்லத் திரையில் இறங்கியது. பாயில் மிளகு காயப் போட்டதுபோல் கரும்புள்ளிகள். அதைப் படிக்க எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

வெளியே வந்தபோது நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் கையைத் தூக்கினீர்கள், வளைவில் எதிரே வரும் வண்டியை நிறுத்துவதுபோல.

"வேண்டாஞ் சாமி. எல் போர்டுல ஆள் ஏத்தக் கூடாது. பாஸ் பண்ணீட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் நீ பாத்தது உங்கிட்டயே இருக்கட்டும்."

"அப்பா, அதில்லீங்க..."

"சொன்னாக் கேளு."

பேராசிரியை வந்து, உட்காருங்கள் ஐயா, பேசலாம் என்று ஆரம்பித்தார். அவரிடமும் கும்பிடு போட்டுவிட்டீர்கள். "டாக்டரம்மா, மருந்து என்ன குடுத்தாலும் திங்கறனுங்க. ஊசியும் போட்டுக்கறனுங்க. வெவரம் மட்டும் எம் பொண்ணு பாஸானப்பறம் அவ வாயால கேட்டுக்கறனுங்க." அவர் வாதாடிப் பார்த்தார். நோயாளிக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருப்பதுபோல் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருக்கிறது என்று பிறகு என்னிடம் சொன்னார். சிகிச்சை தொடங்கியது. அன்று ஊருக்குத் திரும்பும்போது ஜீப் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தீர்கள். அந்த மலையில் நீங்கள் ஓட்டாமல் உட்கார்ந்து வந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் தடவை செய்முறைத் தேர்வில் தோற்றேன். படித்ததெல்லாம் அந்த மேஜை முன்னால் மறந்துபோயிற்று. போனில் சொன்னபோது, "நானும் லைசென்சுக்கு எட்டு போடையில மொதோ வாட்டி கம்பத்த இடிச்சவன்தான். என்னத்துக்கு அழுவறே?" என்றீர்கள். குரல் மெலிந்திருந்தது. அதற்குள் வலி மாத்திரை இல்லாமல் உங்களால் படுக்க முடியாத நிலை. அடுத்த தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நம் வீட்டில் நான்தான். அல்லது நாம் இரண்டு பேர்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் அப்பா. இன்னும் தீரவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தீர்களா, கேட்கப் பயந்து செய்தீர்களா? பெற்ற அப்பனிடம் அந்த வார்த்தையை மகள் சொல்ல வேண்டாம் என்று நினைத்தீர்களோ என்னவோ. ஆனால் சொல்லாத ஒன்றின் மேல் நின்றுகொண்டு மற்றதை எப்படிக் கேட்பது? கடைசி நாட்களில் எங்கே இருக்க ஆசை என்று கேட்டால், கடைசி நாட்கள் வந்துவிட்டன என்று சொன்னதாக ஆகிவிடும். அதனால் மூச்சு இரைத்த அன்று எல்லோரும் செய்வதைச் செய்தோம். சேலத்தில் சேர்த்தோம். "மலை தெரியற பக்கமாக் கட்டிலத் திருப்பச் சொல்லு கண்ணு" என்றீர்கள். திருப்பினோம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி நின்றது. "தெரியுதுங்களா?" என்று அம்மா கேட்டபோது தெரிகிறது என்று தலையாட்டினீர்கள். இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

அடுத்த தேர்வில் தேறினேன். சான்றிதழ் வரத்தான் மாதங்கள் ஆயின; தேறியதிலிருந்தே என் கையெழுத்தோடு ரிப்போர்ட் போகிறது. நம் மலைமேல் வெள்ளக்கடையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுதாகச் சொல்கிறேன். சிலர் கையைத் தூக்கி நிறுத்துகிறார்கள். நிறுத்திக்கொள்கிறேன். ஆனாலும் எங்கே இருக்க ஆசை என்ற ஒன்றை மட்டும் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. எத்தனை பேருக்குச் சொன்னாலும், அன்று திரையில் நான் படித்த உங்கள் ரிப்போர்ட் சொல்லப்படாமல் என்னிடமே கிடக்கிறது.

இப்போது நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். நீங்கள் பாஸ் பண்ணிவிட்டு வரச் சொன்னீர்கள். வந்துவிட்டேன்.

முதுகெலும்புல பரவியிருக்குங்கப்பா. விலாவிலயும் இடுப்பெலும்புலயும் இருக்குங்க. இது முழுசாக் குணமாகாதுங்க. வலி இல்லாமப் பாத்துக்கலாம், அதுக்கு நான் பொறுப்பு. நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரி வேண்டாமுங்கப்பா, நம்ம ஊட்டுக்கே போயிரலாமுங்களா?