குழுவில் சேராத இருமல்

2007 நவம்பர் 12, திங்கள்

கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயினில் போகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. யார் எது எழுதினாலும் நிர்வாகி படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். அவர் யாரென்று எவனுக்கும் தெரியாது. கிரிக்கெட்டை விடுகிறார். பெரியபாளையம் கோயில் கூட்டத்தை விடுகிறார். எவனோ எழுதிய மீன் குழம்பைக்கூட விட்டார். ஃபேக்டரி புகை ராத்திரியில் ஊருக்குள் இறங்குது, என் பொண்ணு இருமி இருமித் தூங்கலை என்று நேற்று நான் எழுதினதை மட்டும், ‘இது டிரெயின் விஷயம் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

காலையில் செல்வம் வழக்கம்போல எனக்கு சீட் பிடித்து வைத்திருந்தான். அந்த ஃபேக்டரியின் சென்னை ஆபீஸில்தான் அவனுக்கு வேலை.

“இன்னா நைனா, பாப்பாவுக்கு இருமல் எப்டி கீது?” என்றான்.

“தேவலாம்பா” என்றேன்.

மீஞ்சூர் தாண்டின பிறகுதான் உறைத்தது. இருமலைப் பற்றி நான் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரிக்கு அவனைத் தெரியவே தெரியாது.

அக்கறையாகத்தான் கேட்டான். அதுதான் பேஜாராக இருக்கிறது. நாளைக்கும் ஜன்னலோரம் எனக்காகக் கர்ச்சீப் போட்டு வைப்பான்.

உள்ளே பாப்பா மறுபடியும் இருமுகிறாள். போய் ஜன்னலைச் சாத்தணும்.