செங்கல் சுவரில் இர்மினாவின் பெயர்

ஜனவரி 14, செவ்வாய்

பலகை வந்துவிட்டது. தகடுதான், தூக்கினால் ரொட்டித் தட்டை விட லேசு. சிவப்பில் வெள்ளை எழுத்து: இர்மினா – டனூட்டா, கொழுக்கட்டைக் கடை. அக்கா பெயர் முன்னால், அவள் சொன்ன மாதிரியே. கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளைப் புதைத்து மூன்று மாதம்தான் ஆகிறது, எனக்கு நெஞ்சு இப்படித் துள்ளுகிறதே. துள்ளலாமா? தெரியவில்லை. துள்ளுகிறது.

ஜனவரி 15

திறக்கப்போகும் கடை இருக்கும் கட்டடம் பழைய நூற்பாலை, அரசு பாதுகாக்கும் சின்னம். போலந்தின் இந்த வூட்ஜ் ஊரில் அந்தச் செங்கலில் யாரும் ஆணி அடிக்கக்கூடாது, சட்டம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் லூட்சினா அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "ஒட்டுறதுன்னா ஒட்டிக்கோங்க டனூட்டா. ஆனா கீழ ஜனம் நடக்குது. ஒரு தடவை விழுந்துச்சுன்னா அப்புறம் சுவத்துல பலகையே கிடையாது. கண்ணாடியில காகிதம் ஒட்டிக்க வேண்டியதுதான்."

அக்காவின் கணவர், அத்தான் போக்டானிடம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "போனவ பேரு எதுக்கு? உன் பேரை மட்டும் காகிதத்துல எழுதி ஒட்டு. முடிஞ்சுது."

அந்தக் காகிதத்தில் அக்கா பெயர் இருக்காது. அவள் பெயர் இல்லாமல் கடையும் இல்லை. மாட்டேன்.

ஜனவரி 17

பசைக் கடை ஸெனோன் நான் கேட்டதும் சிரித்தார். "இந்தக் குளிர்ல புருஷன் பொண்டாட்டியே ஒட்டமாட்டேங்குறாங்க, உங்களுக்குப் பலகை ஒட்டணுமா?"

இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா செங்கலின் சொரசொரப்பில் பிடிக்காது, வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, உறைந்துபோகும் என்றார். நான் கேட்டேனா? விலை குறைவு, அவசரம். இரண்டையும் வாங்கினேன். "சரி, பலகையில கை வைக்காதீங்கம்மா. முதல்ல உடைஞ்ச கூரை ஓட்டுத் துண்டை ஒட்டிப் பாருங்க" என்றார். அதை மட்டும் கேட்டேன். பின்சுவரில் இரண்டு துண்டு.

ஜனவரி 19, ஞாயிறு

நாடா ஒட்டியது விடியுமுன்பே தரையில். வெள்ளைப் பசை பாலாடைக்கட்டி மாதிரி உதிர்ந்தது. கொழுக்கட்டைக்குள் வைத்து மடிக்கலாம் போல.

ஜனவரி 22

ஸெனோன் கறுப்புப் பசை கொடுத்தார், குளிருக்கென்றே செய்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிவந்து, வெந்நீரும் சோப்புமாகச் சுவரைத் தேய்தேய் என்று தேய்த்தேன். புனிதர் திருநாளுக்கு முன் அம்மாவின் கல்லறைக் கல்லைத் தேய்க்கிற மாதிரி, இடுக்கு விடாமல். ஒட்டினேன். பிடித்தது. கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஜனவரி 23

துண்டு கழன்று கிடந்தது. பசைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. பசை பனிக்கட்டியைத்தான் பிடித்திருக்கிறது, செங்கலை அல்ல.

ஸெனோனிடம் காட்டினேன். "கழுவினீங்களா? தெரியும். நம்ம பொம்பளைங்களுக்குக் கல்லைக் கண்டா கை சும்மா இருக்காது. என் வீட்டுக்காரியும் கழுவித்தான் வாசல் நம்பரைப் பறிகொடுத்தா. செங்கல் மொடாக்குடிகாரன்மா. ஊத்தினா ஊத்தினதைக் குடிச்சிட்டு உள்ள உறைஞ்சுக்கும்."

காய்கிற வரை பொறு, வறண்ட தூரிகையால் மட்டும் தூசி தட்டு என்றார். பொறுப்பதா, நானா? அக்கா இருந்தால் சிரித்திருப்பாள். நல்லவேளை, விழுந்தது ஓட்டுத் துண்டு.

ஜனவரி 29

வறட்டுக் காற்றில் சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது. புதுத் துண்டு ஒட்டி இரண்டு நாள். டிராம் ஓட்டி முடித்து வந்த அத்தானை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கையால் இழுத்தார். குறடால் இழுத்தார். ஓடு உடைந்தது, பசை வரவில்லை.

"வரமாட்டேங்குதே" என்றார். காகிதத்தில் எழுதி ஒட்டு என்றவரின் குரல் இல்லை அது.

ஜனவரி 31, வெள்ளி

ஒட்டிவிட்டோம். பசைக் குழாயைக் காலையிலிருந்து சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடாக்கினேன். சுவரில் வெயில் ஏறிய மத்தியானம், மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பசை. அத்தான் ஏணியில் ஏறி அழுத்தினார். இரண்டு கம்புகளை முட்டுக் கொடுத்தேன், காற்று ஒன்றைத் தள்ளிவிட்டது. அவர் இறங்கவில்லை, இரண்டு கையாலும் தாங்கியபடியே நின்றார்.

தெருவில் போன ஒருவன், "என்னண்ணே, சுவர் ஓடிரும்னு பிடிச்சிருக்கீங்களா?" என்றான்.

"பொண்டாட்டியைப் பிடிச்சிட்டிருக்கேன். போ தம்பி."

நான் கம்பைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5

கொடுங்குளிர். கார்க் கதவெல்லாம் உறைந்துவிட்டது. பலகை இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

திறந்துவிட்டோம். லூட்சினா அம்மா குடைப்பிடியால் பலகையைத் தட்டிப் பார்த்தார், நெம்பியும் பார்த்தார், உள்ளே வந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒரு தட்டு கேட்டார். எல்லா மேசையும் நிறைந்துவிட்டது. இவ்வளவு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

வரிசையில் ஒரு பெரியவர். "ரெண்டு பேரு போட்டிருக்கு. நீங்க டனூட்டா. இர்மினா எங்க?"

நான் கரண்டியைத் தேடினேன். மாவுக் கையோடு நின்ற அத்தான்தான் சொன்னார். "அவங்கதான் முதலாளி. இன்னிக்கு வரல."

பெரியவர் தலையாட்டிவிட்டுத் தட்டை நீட்டினார். நான் வெங்காயம் வதக்கப் போனேன்.