புதினா இலை போட்ட டப்பா

அன்பு மகன் ஃபெலேதிக்கு,

இந்த மே மாதம் வரை நம்மை நடத்தி வந்த ஆண்டவருக்கு முதலில் நன்றி. ஆக்லாந்தில் நீ நலமாக இருப்பாய். இங்கே டோங்காவில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

லோசேவுக்குக் காய்ச்சல் என்று உன் அக்கா விக்கா போனில் சொல்லியிருப்பாள். காய்ச்சல் இல்லை. விக்கா உன் மகள் லோசேவுக்கு அத்தை. அத்தை சொல்லை நம்மில் யாரும் மீறுவதில்லை. நான் மீறி எழுதுகிறேன். விமானத்தில் வரும் போதகரின் மருமகன் இதை உன்னிடம் தருவார்.

உன் பெட்டி வியாழக்கிழமை வந்தது. லோசேவுக்கு வெள்ளைச் சட்டை அளவெடுத்தது போல இருந்தது. எனக்கென்று நீ அனுப்பிய உன் பழைய ஜாக்கெட்டின் பையில் வட்டமாக ஒரு டப்பா. துறைமுகத்தில் சோதித்த அதிகாரி அதைக் குலுக்கிப் பார்த்து, "சிகரெட்டுன்னா நிறுத்தி வெச்சிருப்பேன் பாட்டி. இது மிட்டாய்தானே? எனக்கு ஒண்ணு கிடையாதா?" என்று சிரித்தார். நான் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, பிள்ளைகள் கோயிலில் வசனம் சொல்லும் நாள். லோசேவுக்கு நான்கு வரி. ஒரு மாதமாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நம் வீட்டுப் பிள்ளை எதுவும் அங்கே இதுவரை தடுமாறியதில்லை. சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிவிட்டது. டப்பாவை எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள் அல்லவா, எழுத்துக்கூட்டி வாசித்தேன்: மின்ட். புதினா இலைப் படமும் இருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. குட்டித் தலையணை போல ஒன்றை அவள் வாயில் வைத்தேன். "பாட்டி, எரியுது" என்றாள். "எரிஞ்சாத்தான்டி குரல் திறக்கும்" என்றேன்.

மூன்று வரியைக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொன்னாள். நான் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தேன். நான்காவது வரிக்கு முன் வெள்ளைச் சட்டை முழுக்க வாந்தி. "பாட்டிக்கு இருக்கிற வாயில பாதிகூட பேத்திக்கு இல்லையே" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே கூட்டிப்போய், குமட்டலுக்கு நல்லது என்று இன்னொன்றை வைத்தேன்.

வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில் ஒருமுறை மூச்சு நின்றது. விக்காதான் வாயில் ஊதினாள்.

அது நிக்கோடின் என்றார் டாக்டர். சிகரெட்டை விட்டவர்கள் உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வதாம். சின்னக் குழந்தைக்கு விஷமாம். "உங்க மகன் ஊர்க் கடையில இதை விக்கவே கூடாது பாட்டி. ஆனா தபால்ல வருது, ஆள் கையில வருது. எங்கே போய் நிறுத்தறது?" என்று என்னையே கேட்டார். எத்தனை கொடுத்தீர்கள் என்றார். ஒன்று என்றேன். மறுநாள் காலையில் போய் இரண்டு என்றேன். எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பதினேழு வயதில் கொப்பரைக் கொட்டகைக்குப் பின்னால் நீ புகைத்ததைப் பிடித்து, வேதாகமத்தின் மேல் உன் கையை வைக்கச் சொன்னேன். இனி சிகரெட்டைத் தொட மாட்டேன் என்றாய். தொடவில்லை. ஊரெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். அந்த வாக்கைக் காப்பாற்றத்தானே அந்த டப்பாவை வைத்திருந்தாய்? உன்னை எப்படித் திட்டுவேன்?

லோசே கண் திறந்துவிட்டாள். என் விரலைப் பிடிக்கிறாள். பேச்சுதான் இல்லை. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர். அவள் காதில் மூன்று வரியையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். நான்காவதுக்குக் காத்திருக்கிறேன். நாலு நாளாக இதுதான் என் வேலை.

வந்துவிடு மகனே. அந்த வரி உனக்கும் தெரியும்; அதே இடத்தில் நின்று நீயும் சொன்னதுதான். உன் குரலில் கேட்டால் ஒருவேளை அவளுக்கு வரலாம். வரும்போது உதட்டுக்கு அடியில் ஒன்றும் வைத்திராதே. வந்ததும் அவளைத்தான் முதலில் முத்தமிடுவாய்.

ஆஸ்பத்திரி வார்டில் இருந்து இதை எழுதுகிறேன் என்று விக்காவுக்குத் தெரியாது, அவளிடம் சொல்லாதே. உன் மூச்சை ஆண்டவர் காக்கட்டும்.

உன் அம்மா,
அனாசெய்னி