அப்பாவை முதலில் இறங்கச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடும், ஒருவர்மேல் ஒருவர் கோபத்தோடும் இருக்கிறோம். உன் கால் வீக்கம் வடிந்ததா, டயாலிசிஸ் முடிந்து வந்த பிறகாவது தூங்குகிறாயா? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் நாங்கள் ஏறப்போகும் விமானத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. எதிர்வீட்டு நர்ஸ் வந்த விமானம் தரையிறங்கியதும் உள்ளே ஒரே புகையாம். மேலே வைத்த பையை இழுக்க நின்றவர்களால் வழி அடைத்ததாம், சிலர் பதற்றத்தில், மூடியைத் தூக்கிக் கழற்ற வேண்டிய பெல்ட்டைக் காரில் அமுக்குவதுபோல அமுக்கிக்கொண்டே இருந்தார்களாம். அவள் மட்டும் உட்கார்ந்ததுமே வாசல் எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வைத்திருந்ததால் சீட்டைத் தடவித் தடவி வெளியே வந்துவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு நாங்களும் பழகுகிறோம். விமானப் பணிப்பெண் மாதிரி நர்ஸ்தான் உத்தரவு போட்டுக் கத்துவாள். கயிறு கட்டின ஷூ போடுங்கள் என்றால் அப்பா போடுகிறார், பையைத் தொடாதீர்கள் என்றால் தொடுவதில்லை. இறங்குங்கள் என்றால் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறார்!

காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்த புத்தி எங்கே போகும்? அவள் கத்தியதும் வாசலருகே ஒதுங்கி நின்று, பார்த்து இறங்கு, பார்த்து இறங்கு என்று எனக்குக் கை காட்டுகிறார், வாயில் விசில் இல்லாததுதான் குறை. நானோ உடைந்து ஒட்டின இடுப்பை இழுத்துக்கொண்டு நத்தை மாதிரி வருகிறேன். இந்நேரம் புகை ரெண்டு பேரையும் முடிச்சிருக்கும் சார் என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொள்கிறாள். நடக்க முடியாதவர்களை இறக்க விமானப் பணிப்பெண்கள் வருவார்கள் என்று சொல்லியும் பார்த்தாள். கடைசி ஆள் இறங்காம நான் என்னிக்கும்மா இறங்கியிருக்கேன் என்கிறார். உனக்கு வைக்கப்போகிற கிட்னி தன் உடம்பில்தான் பயணம் செய்கிறது என்பது அந்த மனுஷர் மண்டையில் ஏறவில்லை. என்னுடையது உனக்குப் பொருந்தியிருந்தால் நான் ஏன் இவரிடம் கெஞ்சப்போகிறேன்? சரி, தனியாகப் போங்கள் என்றால், நான் பக்கத்தில் இல்லாமல் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டாராம். யாரிடம் போய் முட்டிக்கொள்வேன் பாப்பா? ராத்திரியும் பகலும் எனக்கு இதே நினைப்புதான், பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது.

நான் சொன்னால் சிரிக்கிறார். நீ சொல்லு. அம்மா பின்னாடி இருந்தாலும் திரும்பிப் பார்க்காம நீங்க இறங்கிடுங்கப்பா என்று உன் வாயால் சொல்லு. பெற்றவளை விட்டுவிட்டு வா என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் நாக்கு எழாது, எனக்குத் தெரியும். எனக்காகச் சொல்லு. நீ சொன்னால் அழுவார், ஆனால் கேட்பார்.

உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, மாப்பிள்ளைமேல் எரிந்து விழாதே. என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே அப்பாவிடம் பேசிவிடு, மறந்துவிடாதே. கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. சீக்கிரம் வா, உனக்கு ஜன்னல் சீட்டு பிடிச்சு வச்சிருக்கேன் என்று கூப்பிடுகிறார்.

உன்னிடம் வந்து சேரத் துடிக்கும்,
அம்மா