நான் கழுவிவிட்ட களிமண்

அன்புள்ள கசூமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த நார்வே குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் சாமி மாடத்துக்கு முன்னால் கைதட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அப்பா குளிக்கப் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.

நிற்க. உன் அண்ணன் ரியோத்தா என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். யார் மேல் தப்பு என்று எனக்கே புரியவில்லை, படித்துவிட்டு நீயாவது சொல். நம் ஊர் அணுமின் நிலையத்தை மறுபடி ஓட்டலாமா வேண்டாமா என்று பூகம்ப ஆய்வுக் குழு வந்திருப்பது உனக்குத் தெரியும். உலைக் கட்டடத்துக்கு அடியில் பாறையில் ஒரு வெடிப்பு போகிறதாம், அது கடந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் வருஷத்துக்குள் ஒரு தடவை அசைந்திருந்தால்கூட உயிருள்ள வெடிப்பு என்று எழுதி நிலையத்தை நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். முந்தாநாள் என்ன குழம்பு வைத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை, இவர்கள் லட்சம் வருஷத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். மூடினால் உன் அண்ணன் கதி என்ன? பதினாலு வருஷமாக ஓடாத இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும் என்று உட்கார்ந்திருக்கிறான். நாற்பத்தைந்து வயதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்த ஊருக்குப் போய் எந்த வேலை தேடுவான்?

போன மாதம் தோகுநாகா என்று ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆய்வுக் குழுவில் மண் பார்க்கிறவள், உன் வயதுதான் இருக்கும், பூட்ஸ் நிறையச் சேறு. உலைக் கட்டடத்துக்கு அடியில் இப்போது தோண்ட முடியாது, கட்டுவதற்கு முன் துளை போட்டு எடுத்த பாறைத் தண்டுகளின் போட்டோ மட்டும்தான் மிச்சம், அந்தத் தண்டுகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்கிய பெண்களில் உயிரோடிருப்பது நீங்கள் ஒருத்திதான் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீயும் அண்ணனும் பிறக்கும் முன்னால், கல்யாணமான புதிதில், இரண்டு வருஷம் அந்தக் கிடங்கில் கூலிக்குப் போனேன், அதை ஒரு வேலை என்று நான் யாரிடமும் சொன்னதுகூட இல்லை. அவள் ஒரு போட்டோவை நீட்டினாள். மரப்பெட்டியில் கல் தண்டுகள் வரிசையாக, பளபளவென்று, ஒரு தூசி இல்லாமல். அழகா அடுக்கியிருக்கீங்கம்மா, ஆனா நாப்பத்திமூணாவது மீட்டர்ல ரெண்டு துண்டு ஒட்டவே இல்லையே, நடுவுல ஏதாவது இருந்துச்சா என்று கேட்டாள்.

இருந்தது, கசூமி. அதுதான் என் தலைவலி. அது வருஷக் கடைசி, பெரிய துடைப்பு நாள். மறுநாள் டோக்கியோவிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது, மானம் போயிடும்மா என்று மேஸ்திரி கெஞ்சினார். நாங்கள் ஆறு பெண்கள், பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தோம். அந்த இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு விரல்கடை சாம்பல் நிறச் சேறு. விருந்தாளிக்கு முன்னால் சேற்றை வைப்பார்களா? கழுவிவிட்டேன். கழுவியதும் இடைவெளி பல்லு போன வாய் மாதிரித் தெரிந்தது, அதனால் இரண்டு துண்டையும் நெருக்கித் தள்ளி வைத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, கிகுயோ கை பட்டா கல்லுகூடக் கண்ணாடி ஆயிடும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுதான் வெடிப்பின் களிமண்ணாம். மிருதுவாக இருந்தால் சமீப காலத்தில் அசைந்த, உயிருள்ள வெடிப்பு, இறுகிக் கெட்டியாகியிருந்தால் செத்துப்போன வெடிப்பு. அல்லது துளை போடும்போது கலந்த வெறும் சேறாகவும் இருக்கலாமாம். எது என்று எனக்கு எப்படித் தெரியும்!

இதை ரியோத்தாவிடம் சொன்னேன். அம்மா, நாப்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடி கழுவின சேத்த இப்ப எதுக்குக் கிளர்ற, ஞாபகம் இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அப்பாவைக் கேட்டேன். முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே, கழுவினது நீ, என்ன எதுக்குக் கேக்குற என்றார். இந்த மனுஷனிடம் யோசனை கேட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் பிள்ளை வயிற்றில் அடித்தவள், சொல்லாமல் இருந்து ஒருநாள் பூமி ஆடினால் ஊரையே கொன்றவள்.

கடைசியில் ஆய்வுக் குழு ஊர் மண்டபத்தில் நடத்திய கூட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை, காலையில் கைகால் கழுவினேன், நல்ல உடுப்பைப் போட்டேன், போய்விட்டேன். கழுவியதைச் சொன்னேன். மிருதுவா இறுகியதா என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போது தோகுநாகா மூன்று கிண்ணங்களை என் முன்னால் வைத்தாள், ஒன்றில் துளைச் சேறு, ஒன்றில் இறுகின களிமண், ஒன்றில் பக்கத்து மலையில் புதிதாகத் தோண்டியெடுத்த மிருதுவான களிமண், மூன்றையும் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தாள், எதில் எது என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். முதல் இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் விரல் பட்டதும் மிசோ விழுது மாதிரி வழுக்கியது, என் கட்டைவிரல் தானாகவே தேய்க்க ஆரம்பித்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. இதுதான் என்றேன். கண்ணைத் திறந்தால் எதிரே மின் நிலையக் கம்பெனி ஆட்களோடு ரியோத்தா நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அது எந்தக் களிமண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுபது வயசு அம்மாவோட விரல ஆதாரமா எடுத்துக்க முடியுமா என்று கம்பெனி அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். குறித்துக்கொள்கிறோம் என்று மட்டும் குழுத் தலைவர் சொன்னார். முடிவு வசந்தத்தில்தானாம். இவ்வளவு பாடுபட்டுச் சொன்னது செல்லுமா செல்லாதா என்றுகூடத் தெரியாமல் நிற்கிறேன். என் விரலையே நான் நம்பலாமா? சில சமயம் அது பொய் சொல்லியிருந்தால் நல்லது என்று வேண்டிக்கொள்கிறேன், உடனே வேண்டிக்கொண்டதற்காக வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு இசோபே அக்கா இப்போதெல்லாம் என்னைக் கண்டால் குப்பைப் பையோடு உள்ளே திரும்பிப் போய்விடுகிறாள்.

நேற்று கடைக்குப் போய்விட்டு வந்தேன். ரியோத்தா வந்து போயிருந்தான், என்னிடம் சொல்லாமல். அந்த வெடிப்பு செத்துப்போனதுதான், பாறை உறுதியாகத்தான் இருக்கிறது என்று முந்தின நாள்கூட மீன் கடையில் நின்று ஊருக்கே அடித்துச் சொன்னவன். பூகம்பம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வாசல் அலமாரியில் வைத்திருக்கும் எங்கள் பையைப் பிரித்து, பழைய தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருக்கிறான், விளக்குக்குப் புது பேட்டரி, அப்பாவின் முழங்கால் மாத்திரை ஒரு மாதத்துக்கு, இரண்டு தலைக்கவசம். அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஆணியும் அடித்திருக்கிறான். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன் கசூமி. அம்மாவை நம்பிவிட்டான் என்று சந்தோஷப்படுவதா, நம்பிவிட்டானே என்று பயப்படுவதா, எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் இப்போது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிற விஷயம். இந்தக் கடிதம் கிடைத்ததும் அண்ணனுக்கு ஒரு போன் செய், மறந்துவிடாதே. எனக்காக ஒன்றும் பேச வேண்டாம், சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். பையைப் பற்றி மூச்சுவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
கிகுயோ