புல்லுக்கு முந்தின தை

மருங்காபுரி
20.1.2025

அன்புள்ள தங்கச்சி இருசம்மாளுக்கு,

முக்கொம்புல மதகு அடிச்சுக்கிட்டுப் போன வருஷம். அதே வருஷம் ஐப்பசிக் கடைசியில கஜா புயல் வந்து நம்ம மாட்டுக்கொட்டகைத் தகரம் பறந்துச்சு. அடுத்து வந்த தையிலதான் என் அவரைக்கொடியில முதமுதல்ல அசுவினிப் பூச்சி விழுந்துச்சு. புல்லுல கேஸ் எடுக்கிற கம்பெனிக்காக நீ புல்லு நட்டது அதுக்கப்புறம் வந்த ஆடியில.

மூணு வருஷத்துக்கு முன்னால, ஊர்ல அங்கங்கே அசுவினி விழுந்து, கிராம சபையில தலைவர் என்னைக் கேட்டார். "இருசம்மா புல்லு வந்தப்புறம்தான் பூச்சி வந்துச்சு"ன்னேன். ரத்தினவேல் ஞாபகம் பத்திரம் மாதிரின்னு ஊரே நம்பிச்சு. உன் புல்லைப் பிடுங்கணும்னு எழுதின மனுவுல முதல் கைநாட்டும் என்னோடது. நீ புல்லைப் பிடுங்கிட்டு மக வீட்டுக்குப் போனே.

அதுக்கப்புறம் அவரை கருத்துப்போயே தொங்குது. எத்தனை மருந்தடிச்சும் கேக்கல. போன வாரம் உன் வரப்புல தப்பிச்சு நின்ன ஒரு புல் தூரைப் பிரிச்சுப் பார்த்தேன். உள்ளே கொத்துக்கொத்தா பொறிவண்டு. அசுவினியைத் தின்கிற பொறிவண்டு. நீ மருந்தே அடிக்காத புல்லுல குடியிருந்து, என் கொடிக்கும் வந்து வேலை பார்த்துட்டுப் போயிருக்குங்க. அதுங்க வீட்டைப் பிடுங்க வெச்சவன் நான்.

மறந்து சொல்லல. தெரிஞ்சே சொன்னேன். அப்பா நிலத்துல நீ பங்கு கேட்டு வாங்கின எரிச்சல். இதை எழுதித் தர்ற போஸ்டாபீஸ் டோரதி பேனாவை நிறுத்திட்டு என்னைப் பார்க்குது. எழுதும்மான்னேன். போன்ல என் குரல் கேட்டாலே வெச்சிடுறே. அதான் கடுதாசி.

உன் முகத்துல முழிக்க யோக்கியதை இல்லாத அண்ணன்,
ரத்தினவேல் (கைநாட்டு)


ஸ்ரீரங்கம்
13.2.2025

அண்ணே,

கடுதாசி வந்து பத்து நாள் பிரிக்கல. "மாமா என்னதான் எழுதியிருக்கார், பாரும்மா"ன்னு பிரேமலதா சத்தம் போட்டா.

முந்தாநாள் தைப்பூசம். கொள்ளிடக்கரையில ரெங்கநாதர் சமயபுரத்தாளுக்குச் சீர் குடுத்தார். பட்டு, மாலை, பழம். சாமிக்கே தங்கச்சி ஞாபகம் இருக்கு. உனக்கு ஊர்ப்பட்ட ஞாபகம், அது ஒண்ணைத் தவிர.

நீ சொன்னது பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அந்தத் தையில உன் அவரையைப் பறிச்சவளே நான்தானே? கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டி, அண்ணி சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டாங்க. சபையில எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி கூடப்பிறந்தவனைப் பொய்யன்னு சொல்ல வாய் வரல. உன் மானத்தை விட்டுவெச்சு என் புல்லைப் பிடுங்கினேன்.

ஊரே கேக்கச் சொன்னதை இப்ப என் ஒருத்தி காதுல திருப்பிச் சொல்றே. போய்ச் சபையில சொல்லு. அப்புறம் எழுது.

முழங்காலுக்குத் தைலம் போடு.

இருசம்மாள்


மருங்காபுரி
2.5.2025

அன்புள்ள இருசம்மாளுக்கு,

நேத்து மே தினக் கிராம சபை. கம்பை ஊன்றி எந்திரிச்சேன். முக்கொம்பு மதகுல தொடங்கி எல்லாத்தையும் சொன்னேன். "நான் சொன்னது பொய்"னு மூணு தடவை சொன்னேன்.

யாரும் ஏசல. ஏசியிருந்தா தேவலை. "பெரியப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் தப்புது. உட்காருங்க பெரியப்பா"ன்னு தலைவர் கையைப் பிடிச்சு உட்கார வெச்சு, மோர் குடுக்கச் சொன்னார். "பெருசு முன்னே சொன்னதுதான் கரெக்டு"ன்னு பின்னாடி ஒருத்தன் சிரிச்சான். பொய் பத்திரமாச்சு, நெசம் உளறலாச்சு. அந்த மோரை வாங்கிக் குடிச்சேன் இருசம்மா.

தப்பிச்ச தூரை நாலாப் பிரிச்சு உன் நிலத்துல நட்டுக் குடத்துல தண்ணி ஊத்துறேன். அதையும் பிடுங்கணும்னு ஆகஸ்ட் பதினஞ்சு சபைக்கு மனு எழுதுறாங்களாம்.

அந்தத் தையில அசுவினியைக் கண்ணால பார்த்தவங்க, என்னை விட்டா மூணு பேர். உன் அண்ணி மலர்க்கொடி கொரோனாவுல போயிட்டா. காட்டுக்கே வந்து பார்த்து மருந்து குடுத்த துவரங்குறிச்சிக் கடை பீமராவ் போன கார்த்திகையில போயிட்டார். மிச்சம் உசிரோட இருக்கிறது நீ ஒருத்திதான், இருசம்மா.